சான்று கேட்கும் லாட்ஜ்

ஃப்ரீமேசன் இயக்கத்தின் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். அந்த இயக்கத்தின் வரலாற்றையும் சடங்குகளையும் ஆராய்வதற்கென்றே அமைந்த லாட்ஜ், ஆய்வு லாட்ஜ் எனப்படுகிறது. சாதாரண லாட்ஜின் முதல் வேலை புதியவர்களைச் சேர்ப்பது. பயிலுநர், தோழர், மாஸ்டர் மேசன் என்ற மூன்று படிகளில் அவர்களைச் சடங்கு வழியாக ஏற்றிவிடுவதிலேயே அதன் கூட்டங்களில் பெரும்பகுதி கழியும். ஆய்வு லாட்ஜ் பொதுவாக அந்த வேலையைத் தொடுவதில்லை. வேறொரு லாட்ஜில் மூன்று படிகளையும் கடந்தவர்தான் இங்கே உறுப்பினராக முடியும். மற்றபடி வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை. லாட்ஜுகளின் தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜ் வழங்கிய உரிமைப் பத்திரமும் எண்ணும் இதற்கும் உண்டு. ஆண்டுதோறும் பதவியேற்கும் மாஸ்டர், இரண்டு வார்டன்கள், செயலாளர், பொருளாளர் உண்டு. உறுப்பினர்கள் ஏப்ரன் அணிந்து அமர்ந்து, லாட்ஜை முறைப்படி திறந்து முறைப்படி மூடுகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் சடங்குக்குப் பதிலாக ஒரு கட்டுரை வாசிக்கப்படுகிறது. அதன்மேல் விவாதம் நடக்கிறது.

இந்த வகை லாட்ஜுகளில் முன்னோடி லண்டனில் உள்ள குவாட்டூர் கொரோனாட்டி லாட்ஜ், எண் 2076. உலகெங்கும் பின்னால் தோன்றிய ஆய்வு லாட்ஜுகள் பலவும் அதைப் பார்த்து உருவானவை. அதன் கதையைத் தெரிந்துகொண்டால் ஆய்வு லாட்ஜ் என்ற ஏற்பாடு எதற்காக வந்தது, எப்படி இயங்குகிறது என்பது விளங்கிவிடும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஃப்ரீமேசன்கள் தங்கள் வரலாறு என்று படித்தது பெரும்பாலும் புராணம். இடைக்காலக் கொத்தர்களின் ஏடுகள், ‘பழைய கட்டளைகள்’ என்ற பெயரால் அறியப்படுபவை, கட்டடக் கலையின் கதையை நோவாவின் வெள்ளத்துக்கு முன்பிருந்தே தொடங்குகின்றன. எகிப்தில் யூக்ளிட் அந்தக் கலையைப் பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார், சாலமோன் மன்னர் ஆலயம் கட்டியபோது அது செழித்தது, ஆத்தல்ஸ்டன் மன்னர் காலத்தில் இங்கிலாந்தில் நிலைபெற்றது என்று அவை போகின்றன. 1723இல் லண்டன் கிராண்ட் லாட்ஜுக்காகச் சட்டநூல் எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்டியப் பாதிரியார் இன்னும் ஒரு படி பின்னே போய் ஆதாமிலிருந்தே ஆரம்பித்தார். பின்னால் வந்த எழுத்தாளர்கள் இதையே விரித்து எழுதினார்கள். ஒரு கோயிலைப் பற்றித் தலபுராணம் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு, அதே கோயிலின் அதிட்டானத்தில் வெட்டியிருக்கும் கல்வெட்டை யாருமே படிக்காமல் விட்டால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இருந்தது நிலைமை.

கல்வெட்டைப் படிக்கலாம் என்று கிளம்பிய சிலர் 1860களிலும் 70களிலும் தலையெடுத்தார்கள். வில்லியம் ஜேம்ஸ் ஹியூகன் பழைய கட்டளைகளின் கையெழுத்துப் படிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்தார். ஸ்காட்லாந்தில் முர்ரே லயன் எடின்பரோ லாட்ஜின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகளை வைத்து அதன் வரலாற்றை எழுதினார். படைவீரராகவும் வழக்கறிஞராகவும் இருந்த ராபர்ட் ஃப்ரீக் கூல்ட் 1882 முதல் 1887 வரை பல பகுதிகளாக ஒரு பெரிய வரலாற்றை வெளியிட்டார். ஆவணம் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் ஊகம் என்று சொல்லிவிட்டு எழுது என்பது இவர்கள் வைத்துக்கொண்ட விதி. வரலாற்றுத் துறையில் இது சாதாரண விதிதான். ஆனால் தங்கள் சகோதரர்கள் பெருமையோடு சொல்லிவந்த கதைகளையே இந்த உரைகல்லில் உரசத் துணிந்ததுதான் இவர்கள் செய்த பெரிய காரியம்.

இவர்களில் சிலரும் வேறு சிலரும் சேர்ந்து ஒன்பது பேராக 1884 நவம்பர் 28 தேதியிட்ட உரிமைப் பத்திரத்தைப் பெற்றார்கள். லாட்ஜ் தொடங்கப்பட்டதோ 1886 ஜனவரி 12ஆம் நாள். ஓராண்டுக்கு மேல் தாமதமானதற்குக் காரணம், முதல் மாஸ்டராகக் குறிக்கப்பட்டிருந்த சர் சார்லஸ் வாரனைத் தென்னாப்பிரிக்காவில் பெச்சுவானாலாந்துப் படையெடுப்புக்குத் தலைமை தாங்க அரசு அனுப்பிவிட்டதுதான். வாரன் பொறியாளர். 1867 முதல் ஜெருசலேமில் ஆலய மலையைச் சுற்றிச் சுரங்கம் தோண்டி அகழாய்வு செய்தவர். லாட்ஜ் தொடங்கிய அதே 1886இல் லண்டன் பெருநகரக் காவல்துறை ஆணையரானார். ஜாக் த ரிப்பர் கொலைகள் நடந்த 1888இல் அந்தப் பதவியில் இருந்து, அவ்வாண்டு இறுதியில் விலகியவர் அவர்தான்.

ஒன்பது பேரில் நாவலாசிரியர் சர் வால்டர் பெசன்டும் ஒருவர். சென்னை அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அன்னி பெசன்ட் அம்மையாருடைய கணவரின் அண்ணன் இவர். பெண்களையும் சேர்த்துக்கொள்ளும் கூட்டு ஃப்ரீமேசன் அமைப்பை அன்னி பெசன்ட் பின்னால் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் வளர்த்தார். வால்டர் பெசன்ட் இருந்த ஆங்கிலக் கிராண்ட் லாட்ஜ் மரபோ பெண்களைச் சேர்ப்பதில்லை. முதல் செயலாளர் ஜார்ஜ் வில்லியம் ஸ்பெத். பேரும் புகழும் வாரனுக்கும் பெசன்டுக்கும் இருந்தாலும், லாட்ஜை நிமிர்த்தி நிறுத்தியது 1901இல் இறக்கும்வரை உழைத்த ஸ்பெத்துடைய கைதான்.

லாட்ஜின் லத்தீன் பெயர் ‘முடிசூடிய நால்வர்’ என்று பொருள்படும். ரோமப் பேரரசர் டயக்ளீஷியன் காலத்தில் தெய்வச் சிலை ஒன்றைச் செதுக்க மறுத்த கிறித்தவச் சிற்பிகளை ஈயப் பெட்டிகளில் அடைத்து ஆற்றில் எறிந்தார்கள் என்பது தொன்மக் கதை. அதே காலத்தில் உயிர்நீத்த வீரர்கள் நால்வர் கதையும் இதோடு கலந்துவிட்டது. ஐரோப்பாவின் கற்கொத்தர்கள் இவர்களைத் தங்கள் காவல் புனிதர்களாகக் கொண்டாடினார்கள். நவம்பர் 8 இவர்களுடைய திருநாள். லாட்ஜில் புதிய மாஸ்டர் பதவியேற்பதும் நவம்பர் மாதத்தில்தான். பழைய கட்டளைகளிலேயே மிகப் பழையதாகிய, செய்யுள் வடிவில் உள்ள ரீஜியஸ் கையெழுத்துப் படி இந்த நால்வரைப் பற்றிப் பேசுகிறது. பெயர் அங்கிருந்து எடுத்தாளப்பட்டது பொருத்தமே.

முழு உறுப்பினராவது எளிதல்ல. எண்ணிக்கைக்கு நாற்பது என்ற உச்சவரம்பு உண்டு. விண்ணப்பித்துச் சேரும் இடமும் அல்ல இது. இலக்கியத்திலோ கலையிலோ அறிவியலிலோ தகுதியை நிரூபித்தவராக, அச்சில் வந்த ஆய்வு உடையவராக இருப்பவரை ஏற்கெனவே உள்ளவர்கள் அழைக்க வேண்டும்.

கூட்டம் ஆண்டுக்குச் சில முறைதான். லண்டன் கிரேட் குவீன் தெருவில் உள்ள ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் அது நடைபெறும். வாசிக்கப்படவுள்ள கட்டுரை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே கூட்டத்துக்கு வருகிறவர்கள் படித்துவிட்டு, ஐயங்களையும் ஆட்சேபங்களையும் குறித்துக்கொண்டுதான் வருவார்கள். ஆசிரியர் சுருக்கமாக எடுத்துரைத்ததும் மாஸ்டர் நன்றித் தீர்மானத்தை முன்மொழிவார், வார்டன்கள் வழிமொழிவார்கள். நன்றி சொல்வது மரபு என்றாலும், அதே மூச்சில் கட்டுரையின் ஓட்டைகளையும் சொல்வது இங்கே மரபு. இந்த ஆண்டுக்கு ஆதாரம் எது, இந்தக் கையெழுத்துப் படியின் காலத்தை எப்படிக் கணித்தீர்கள், இந்தப் பெயருடையவர் வேறொருவராக இருக்கக்கூடாதா என்று கேள்விகள் வரும். வர இயலாதவர்கள் கருத்துகளை எழுதி அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் ஆசிரியர் எழுத்தில் பதில் தர வேண்டும்.

பிறகு அச்சு. ‘ஆர்ஸ் குவாட்டூர் கொரோனாட்டோரம்’ என்ற லாட்ஜின் ஆண்டுத் தொகுதியில் கட்டுரை, அதன்மேல் வந்த விமர்சனங்கள், ஆசிரியரின் மறுமொழி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இடம்பெறும். கட்டுரையை மட்டும் போட்டுவிட்டு விமர்சனத்தை மறைப்பதில்லை. நூறாண்டுக்கு முந்தைய ஒரு தொகுதியை இன்று புரட்டினாலும் ஒரு கருத்து எந்த இடத்தில் அடிபட்டது, எந்த இடத்தில் நின்றது என்பதைப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தொகுதிகளின் உண்மையான மதிப்பு இதில்தான் இருக்கிறது. கருத்துகளுக்கு எழுதியவரே பொறுப்பு. லாட்ஜோ கிராண்ட் லாட்ஜோ அவற்றுக்கு முத்திரை குத்துவதில்லை.

நாற்பது பேர் மட்டும் படிக்கவா இவ்வளவும் என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. ஸ்பெத்தின் யோசனைப்படி 1887இல் கடிதத் தொடர்பு வட்டம் உருவாயிற்று. உலகின் எந்த மூலையில் இருக்கும் ஃப்ரீமேசனும் சந்தா கட்டி இதில் சேரலாம். அவருக்கு ஆண்டுத் தொகுதி தபாலில் வரும். லண்டனுக்கு வந்தால் கூட்டங்களில் உட்காரலாம். கட்டுரையைப் பற்றி எழுதலாம், தன் ஊர்ச் செய்திகளை அனுப்பலாம். வாக்குரிமையும் பதவியும் கிடையாது. வட்டம் வேகமாக வளர்ந்து ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்தது. இதில் இரண்டு நன்மைகள். அச்சுச் செலவுக்குப் பணம் வந்தது. பெரிய நூலகம் அருகில் இல்லாத ஊர்களில், லாட்ஜ் அலமாரிகளிலும் குடும்பப் பெட்டிகளிலும் கிடந்த ஏடுகளைப் பற்றிய தகவல் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. பழைய கட்டளைகளின் படிகள் இன்று நூற்றுக்கும் மேல் தெரியவந்திருப்பதற்கு இப்படிப்பட்ட விரிந்த தேடலும் ஒரு காரணம். அவற்றில் முக்கியமானவற்றை அச்சு நகலாக வெளியிடும் தனி வரிசையையும் லாட்ஜ் தொடங்கியது. 1889இல் வந்த முதல் தொகுதியில் ரீஜியஸ் படி இடம்பெற்றது.

ஆய்வு லாட்ஜ் மதித்துப் போற்றும் வேலை எந்த மாதிரியானது என்பதற்கு லாட்ஜ் தொடங்குவதற்குச் சற்று முன்பே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. பழம்பொருள் ஆர்வலரான எலியாஸ் ஆஷ்மோல், 1646 அக்டோபர் 16 மாலை நாலரை மணிக்கு வாரிங்டன் ஊரில் தாம் ஃப்ரீமேசன் ஆக்கப்பட்டதாக நாட்குறிப்பில் எழுதி, அங்கிருந்தவர்களின் பெயர்களையும் குறித்துவைத்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் இவர் பெயரால் அமைந்தது. வாரிங்டனில் அன்று கூடியவர்கள் கல் உடைக்கும் கொத்தர்கள், ஆஷ்மோல் அவர்களிடம் விருந்தாளியாகப் போனவர் என்று வெகுகாலம் எண்ணப்பட்டுவந்தது. லாட்ஜின் நிறுவனர்களில் ஒருவரான வில்லியம் ஹாரி ரைலண்ட்ஸ், நாட்குறிப்பில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்துக்கொண்டு உயில்களிலும் வட்டாரப் பதிவேடுகளிலும் தேடினார். 1881இல் அவர் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தைக் கவிழ்த்தது. அடையாளம் தெரிந்தவர்கள் நிலமும் வசதியும் உள்ள குடும்பத்தார். கொத்து வேலை செய்தவர்கள் என்பதற்குத் தடயம் இல்லை. வேலை செய்யாத ‘கொத்தர்’களின் லாட்ஜ் ஒன்று 1646லேயே இங்கிலாந்தில் இருந்திருக்கிறது.

இதோடு இன்னொரு செய்தியும் சேர்ந்துகொண்டது. பிரிட்டிஷ் நூலகத்தில் ஸ்லோன் 3848 என்ற எண்ணில் உள்ள பழைய கட்டளைப் படியை எழுதி முடித்தவர் எட்வர்ட் சாங்கி. எழுதி முடித்த தேதி 1646 அக்டோபர் 16. ஆஷ்மோலின் பட்டியலில் ரிச்சர்ட் சாங்கி என்ற பெயர் இருக்கிறது. அன்று மாலைச் சடங்கில் வாசிப்பதற்காகவே அந்தப் படி எழுதப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒரு நாட்குறிப்பும் ஒரு சுவடியும் ஒரே தேதியில் வந்து சந்திப்பது ஆராய்ச்சியில் அடிக்கடி கிடைக்கும் பாக்கியம் அல்ல.

சடங்கின் வரலாற்றை ஆராய்வது இதைவிடச் சிக்கலானது. உறுப்பினர்கள் சடங்கை எழுதிவைக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள். எனவே பழங்காலச் சடங்கு பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் யாரோ நினைவுக்காகக் கள்ளத்தனமாய் எழுதிவைத்த குறிப்புகள், அல்லது காசுக்காக அச்சிட்டு விற்ற ‘அம்பலப்படுத்தல்’ நூல்கள். எடின்பரோ பதிவக மாளிகையில் கிடைத்த 1696ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி முதல் வகை. 1730இல் சாமுவேல் பிரிச்சர்ட் லண்டனில் வெளியிட்டு நன்றாக விற்ற சிறு நூல் இரண்டாம் வகை. மூன்று படிகளையும் தனித்தனியே காட்டும் முதல் அச்சு நூல் அதுதான். சத்தியத்தை மீறியவர்கள் எழுதியது என்று ஒதுக்கிவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. அவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. லாட்ஜின் செயலாளராகவும் பதிப்பாசிரியராகவும் இருந்த ஹாரி கார் போன்றவர்கள் ஒரு நூலின் வாசகத்தை இன்னொன்றோடு, ஸ்காட்லாந்துக் குறிப்பேடுகளோடு, பிரெஞ்சு அம்பலப்படுத்தல்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எது எப்போது சடங்கில் நுழைந்தது என்று பிரித்துக் காட்டினார்கள். இன்று வழக்கில் இருக்கும் இரகசியச் சொற்களையும் அடையாளங்களையும் இந்தக் கட்டுரைகள் அச்சிடுவதில்லை. அதனால் வரலாற்றுக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

அரசாங்கமும் அறியாமலே இந்த ஆய்வுக்கு உதவியிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின் அச்சத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1799இல் சட்டவிரோதச் சங்கங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஃப்ரீமேசன்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு லாட்ஜும் ஆண்டுதோறும் உறுப்பினர்களின் பெயர், தொழில், முகவரியை மாவட்ட அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தக் கடமை 1967வரை நீடித்தது. இரகசியச் சங்கம் என்று பேரெடுத்த ஓர் அமைப்பின் உறுப்பினர் பட்டியல்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் சேர்ந்து வந்திருக்கின்றன. ஓர் ஊரில் கடைக்காரர் எத்தனை பேர், மாலுமி எத்தனை பேர், வழக்கறிஞர் எத்தனை பேர் லாட்ஜில் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க இதைவிட நல்ல சான்று இல்லை.

தொழில் செய்த கொத்தர்கள் பக்கம் வெளிச்சம் பாய்ச்சியவர்கள் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகப் பொருளியல் வரலாற்று அறிஞர்களான டக்ளஸ் நூப்பும் ஜோன்ஸும். கோயில் கட்டியவர்களைப் பற்றிய ஆன்மிக விளக்கம் எதிலும் அவர்கள் இறங்கவில்லை. செஷர் மாவட்டத்தில் முதலாம் எட்வர்ட் மன்னர் கட்டத் தொடங்கிய வேல் ராயல் மடத்தின் 1278 முதல் 1280 வரையிலான கட்டுமானக் கணக்குகளை எடுத்தார்கள். யாருக்கு வாரக்கூலி எவ்வளவு, யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை நாள் தங்கினார், கல் எங்கிருந்து வண்டியில் வந்தது என்பதையெல்லாம் அதிலிருந்து வெளிக்கொண்டுவந்தார்கள். 1931ஆம் ஆண்டுத் தொகுதிக்காக எழுதப்பட்ட அந்தக் கட்டுரை இடைக்கால உழைப்பாளர் வரலாற்றுக்கே உதவுவது. லாட்ஜ் என்பது முதலில் கட்டுமான இடத்தில் கொத்தர்கள் கல் செதுக்கவும் ஒதுங்கவும் போட்ட கொட்டகை என்பதும் இத்தகைய கணக்குகளிலிருந்து தெளிவாகிறது.

அந்தக் கொட்டகையிலிருந்து ஆஷ்மோல் உட்கார்ந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் தீராத விவாதம். கொத்தர்களின் லாட்ஜுகளில் மெல்ல மெல்லப் பிரமுகர்கள் சேர்ந்து, கடைசியில் அவர்களே மிஞ்சினார்கள் என்பது நெடுங்காலம் நிலவிய விளக்கம். ஸ்காட்லாந்தில் 1599 முதல் தொடரும் நடவடிக்கைக் குறிப்பேடுகள் இதற்கு வலுச் சேர்க்கின்றன. இங்கிலாந்துக்கு இது பொருந்தாது, அங்கே அந்த மாற்றத்தைக் காட்டும் ஆவணம் எங்கே என்று 1978இல் எரிக் வார்ட் இதே லாட்ஜின் தொகுதியில் கேட்டார். ஹாரி கார் போன்றவர்கள் வாழ்நாள் முழுதும் ஏற்றிருந்த கருத்தை அவர்களுடைய மன்றத்திலேயே எதிர்க்க இடம் கொடுத்ததைக் கவனிக்க வேண்டும்.

இந்த இடம் கொடுக்கும் குணம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது அண்மையில்தான். 1717 ஜூன் 24ஆம் நாள், புனித பால் பேராலயத்தை அடுத்திருந்த ‘கூஸ் அண்ட் கிரிடயர்ன்’ என்ற மதுவிடுதியில் லண்டனின் நான்கு லாட்ஜுகள் கூடி, அந்தோணி சேயரைத் தலைவராகத் தேர்ந்து உலகின் முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது ஃப்ரீமேசன்கள் எல்லாரும் அறிந்த செய்தி. 300ஆம் ஆண்டு விழா 2017இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பெரிதாக நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், விழாவை ஒட்டிக் குவாட்டூர் கொரோனாட்டி லாட்ஜ் கேம்பிரிட்ஜ் குவீன்ஸ் கல்லூரியில் ஓர் ஆய்வு மாநாட்டைக் கூட்டியது. அங்கே வரலாற்றாசிரியர்கள் ஆண்ட்ரூ பிரெஸ்காட், சூசன் மிட்செல் சாமர்ஸ் இருவரும் ஒரு கட்டுரை வைத்தார்கள். 1717இல் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, கிராண்ட் லாட்ஜ் உருவானது 1721இல் என்பது அதன் சாரம்.

அவர்களுடைய வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. 1717 கூட்டத்தை முதன்முதலில் விவரிப்பது ஆண்டர்சனின் சட்டநூலுடைய 1738 ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு. நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதற்கு 21 ஆண்டு கழித்து. அவரே எழுதிய 1723 பதிப்பில் அந்தக் கூட்டம் பற்றிப் பேச்சில்லை. கிராண்ட் லாட்ஜின் நடவடிக்கைக் குறிப்பேடு 1723 ஜூன் 24இல்தான் தொடங்குகிறது. 1721இல் மாண்டேகு பிரபு தலைவராகப் பதவியேற்றதற்கோ சமகாலச் சான்றுகள் இருக்கின்றன. அவ்வாண்டு ஜனவரியில் ஃப்ரீமேசனான தொல்பொருள் அறிஞர் வில்லியம் ஸ்டூக்லியின் நாட்குறிப்பு அவற்றில் ஒன்று.

மறுத்தவர்களும் சளைக்கவில்லை. 1738இல் ஆண்டர்சன் எழுதியபோது பழைய நிகழ்ச்சிகளை அறிந்தவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள், முழுப் பொய்யை எழுதியிருந்தால் ஒருவராவது எதிர்த்திருப்பார் என்றார்கள். சான்று குறைவு என்பது நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் வாதிட்டார்கள். இரு தரப்பும் லாட்ஜின் கூட்டங்களிலும் வெளியீடுகளிலும் தொடர்ந்து மோதின. விழா நடந்தது, தேதி மாறவில்லை, விவாதமும் முடிந்தபாடில்லை. ஆயினும் ஓர் அமைப்பு தன் முந்நூறாவது பிறந்தநாளுக்கு முன்னால் அந்தப் பிறந்தநாளையே கேள்வி கேட்கும் மேடையைத் தானே போட்டுக்கொடுத்தது பாராட்டத்தக்க துணிவு. கட்டுரையைப் படைத்த பிரெஸ்காட் ஃப்ரீமேசன் அல்லர் என்பதும், சாமர்ஸ் அந்த லாட்ஜில் உறுப்பினராகவே முடியாத பெண் என்பதும் அந்தத் துணிவின் மதிப்பைக் கூட்டுகின்றன.

லண்டனைப் பின்பற்றி 1892இல் லெஸ்டரிலும் 1914இல் டப்ளினிலும் ஆய்வு லாட்ஜுகள் எழுந்தன. நியூயார்க்கில் அமெரிக்கன் லாட்ஜ் ஆஃப் ரிசர்ச் 1931இலும், மிசௌரியில் ஒன்று 1941இலும், டெக்சஸில் ஒன்று 1958இலும் வந்தன. ஜெர்மனியில் நாஜிகள் லாட்ஜுகளை ஒழித்து நூலகங்களைக் கொள்ளையிட்டிருந்தார்கள். போருக்குப்பின் 1951இல் பைராய்ட் நகரில் லண்டன் லாட்ஜின் பெயரிலேயே ஓர் ஆய்வு லாட்ஜ் தொடங்கியது. பிரான்சில் 1964 முதல் வில்லார் த ஓனெகூர் லாட்ஜ் இயங்குகிறது. அமெரிக்க லாட்ஜுகள் பலவற்றில் நாற்பது பேர் என்ற வரம்பெல்லாம் இல்லை. ஆர்வமுள்ள எந்த மாஸ்டர் மேசனும் சேரலாம். பரந்த மனத்துக்கு ஒரு விலையும் உண்டு. கடுமையான பதிப்பாசிரியர் இல்லாத இடங்களில் ஏற்கெனவே வெளிவந்த செய்திகளையே திரும்ப எழுதுவதும், சிலுவைப்போர்க் கால டெம்ப்ளர் வீரர்களிடமிருந்து ஃப்ரீமேசன் இயக்கம் வந்தது என்பது போன்ற ஆதாரமற்ற கதைகள் மறுபடி தலைகாட்டுவதும் நடக்கிறது. ஆய்வு லாட்ஜ் என்ற பெயர்ப்பலகை மட்டும் ஆய்வைக் கொண்டுவந்துவிடாது.

இவற்றிலிருந்து சற்று வேறுபட்டது பிரெஸ்டன் சொற்பொழிவு. 1818இல் மறைந்த வில்லியம் பிரெஸ்டன் என்ற ஃப்ரீமேசன் இதற்கென 300 பவுண்டு எழுதிவைத்துப் போனார். அதன் வருவாயில் 1820 முதல் நடந்து, இடையில் 1862 முதல் நின்றுபோன அந்தச் சொற்பொழிவு 1924இல் மறுபடி உயிர்பெற்றது. ஆண்டுக்கு ஒருவரைக் கிராண்ட் லாட்ஜே நியமிக்கிறது. அவர் ஊர் ஊராகப் போய் அதை நிகழ்த்துகிறார். ஆய்வு லாட்ஜின் வாசலுக்கு வராத சாதாரண உறுப்பினரிடம் ஆய்வைக் கொண்டுபோகும் வழி இது.

இந்தியாவுக்கும் ஃப்ரீமேசன் ஆவணங்களில் நிறைய இடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் லாட்ஜ் தொடங்கிவிட்டது. கருநாடக நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசனாகச் சேர்ந்தார். செய்தி லண்டனை எட்டியதும் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு அலங்கரித்த ஏப்ரனும் சட்டநூலும் அனுப்பியது. அவர் பாரசீக மொழியில் நன்றிக் கடிதம் எழுதினார். ஒரு வணிகக் கம்பெனி அரசாங்கமாக மாறிக்கொண்டிருந்த நாளில் நவாபின் வாரிசும் கம்பெனி அதிகாரிகளும் எந்த உறவில், எந்த மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள் என்பது தமிழக வரலாற்றுக்கும் தேவையான கேள்வி. இந்திய லாட்ஜுகள் லண்டனுக்கு அனுப்பிய உறுப்பினர் பட்டியல்களும் கடிதங்களும் கிரேட் குவீன் தெரு அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பில் உள்ளன. ஜெசிக்கா ஹார்லண்ட்-ஜேக்கப்ஸ் 2007இல் வெளியிட்ட நூல், பிரிட்டிஷ் பேரரசின் விரிவும் ஃப்ரீமேசன் வலைப்பின்னலும் எப்படிச் சேர்ந்து வளர்ந்தன என்பதைக் காட்டுகிறது. தமிழகம் சார்ந்து இன்னும் செய்யவேண்டியது ஏராளம்.

பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் ஃப்ரீமேசன் வரலாற்றின் பக்கம் திரும்பவே இல்லை. 1981இல் மார்கரெட் ஜேக்கப்பும் 1988இல் டேவிட் ஸ்டீவன்சனும் எழுதிய நூல்கள் அதை மாற்றின. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டுவாக்கில் இதற்கென ஒரு மையத்தையே ஏற்படுத்தியது. முதல் இயக்குநர் பிரெஸ்காட். ஸ்டீவன்சனின் நூல் ஸ்காட்லாந்து அரசரின் கட்டட அதிகாரி வில்லியம் ஷா 1598, 1599ஆம் ஆண்டுகளில் வகுத்த விதிகளை முன்னிறுத்தி, இயக்கத்தின் தொடக்கம் குறித்த விவாதத்தையே திருப்பிவிட்டது. ஸ்டீவன்சன் ஃப்ரீமேசன் அல்லர். ரீஜியஸ் படி என்ன என்பதை முதலில் கண்டு 1840இல் அச்சிட்ட ஜேம்ஸ் ஹாலிவெல்லும் அல்லர். உள்ளே இருப்பவருக்குச் சடங்கின் பழக்கமும் ஆவணங்களின் நெருக்கமும் உண்டு. ஆனால் தன் அமைப்பின் அருமையைக் கூட்டிச் சொல்லும் ஆசையும், அரசியல், மதம் பேசக்கூடாது என்ற லாட்ஜ் விதியின் நிழலும் அவரைத் தொடர்கின்றன. 1738இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமென்ட் ஃப்ரீமேசன் இயக்கத்துக்கு விதித்த தடை போன்ற பொருள்களில் வெளியார் எழுத்தே கூடுதல் சுதந்திரத்தோடு இருப்பது இயல்பு. இரு தரப்பும் ஒருவர் எழுத்தை ஒருவர் படித்துத் திருத்தும்போதுதான் இந்தத் துறை முன்னேறியிருக்கிறது.

இன்று கடிதத் தொடர்பு வட்டத்தின் வெளியீடுகள் ஃப்ரீமேசன் அல்லாதவர்களுக்கும் கிடைக்கின்றன. நூலகங்கள் தொகுதிகளை வாங்கி அடுக்கியிருக்கின்றன. 1751 முதல் 1921 வரையிலான ஆங்கிலக் கிராண்ட் லாட்ஜின் உறுப்பினர் பதிவேடுகள் மின்வடிவில் ஏறிவிட்டதால், ஒரு பெயரைத் தேட ரைலண்ட்ஸைப் போல ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. கண்டெடுத்த பெயர் உண்மையில் யாருடையது என்று உறுதிசெய்யும் வேலை மட்டும் அன்றுபோலவே உயிலையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் நடக்கிறது.